அவன் சொன்னது

அத்தியாயம் பதினொன்று

‘காலஞ்சென்ற’ என்ற ஒரு சொல்லால்தான் போன கிழமை சோமசேகரத்தைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பிவைத்தேன்.

சோமசேகரம் என் கணவரின் தம்பி. நல்ல மனிதர். என் கணவர் தியாகலிங்கத்தின் முதல் வருட நினைவான ஆட்டைத்திவசம் அடுத்த மாதம் வருகிறது. அதற்கு அடிக்கும் அழைப்பில் எங்கள் மகன் டிலக்ஷனின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சேர்த்துவிட வேண்டும் என்றார். கீரிமலையில் தகப்பனுக்கு விடும் எள்ளுத் தண்ணீரை மகனுக்கும் சேர்த்து விட்டுவிடலாம் என்றார்.

டிலக்ஷன் 2007இல் ஒரு காலையில் சைக்கிளில் போனவன். வரவில்லை. அதற்குமேல் யாரும் எங்களுக்கு எதுவும் சொன்னதில்லை.

“வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போன பிள்ளைக்கு நான் எள்ளுத் தண்ணி விடமாட்டன், தம்பி.”

“யோசிச்சு வையுங்கோ அண்ணி. வெள்ளிக்கிழமை திரும்ப வாறன்,” என்று எழுந்து போனார்.

அந்த வெள்ளிக்கிழமையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

குசினியில் நான் பாத்திரம் கழுவி முடிக்குமுன் உதயகலாவின் ஸ்கூட்டர் படலையில் வந்து நின்றது. அவள் எங்கள் இளையவள், உடுவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஒரு கையில் திருப்புளி, மறுகையில் பெயின்ற் அடிக்கும் தூரிகை.

“என்ன பிள்ளை, வீட்டுக்கு வெள்ளை அடிக்கப்போறியோ?”

“அப்பாவின்ரை கொம்பியூட்டருக்கு அம்மா. தூசி தட்டிப்போட்டுப் புதுசு ஏத்தப்போறன்.”

என் கணவர் மருதனார்மடம் சந்தியில் கணினி அச்சமைப்புக் கடை வைத்திருந்தவர். கல்யாண அழைப்பும் அடித்தார். ஆனால் ஊர் அவரைத் தேடி வந்தது மரண அறிவித்தலுக்கும், இறந்தவர் நினைவாக அடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கும்தான். இணுவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் இறந்தவர்களின் பெயர்கள் முக்கால்வாசி அவர் விரல்களால் போனவை.

ஒருமுறை ஒரு செத்தவீட்டு அறிவித்தலில் இறந்தவரின் மைத்துனர் ஏரம்புவின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ விழுந்துவிட்டது. பழைய அறிவித்தல் ஒன்றை எடுத்துத் திருத்தியபோது அந்தச் சொல்லை எடுக்க மறந்துபோனார். மறுநாள் ஏரம்புவே பத்திரிகையோடு கடைக்கு வந்து வாங்கில் அமர்ந்துகொண்டு, “தம்பி, நான் எப்ப செத்தனான்? வீட்டிலை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை,” என்று கேட்டாராம். அதன் பிறகு இவர் அந்தச் சொல்லை விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்காமல் எதையும் அச்சுக்கு விட்டதில்லை.

இவருடைய சொந்த மரண அறிவித்தலை அடித்தவள் உதயகலா. ‘டிலக்ஷன், உதயகலா ஆகியோரின் பாசமிகு தந்தையும்’ என்று அடித்தாள். முன்னால் எந்தச் சொல்லும் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

கடையைப் பூட்டியபின் கணினி வீட்டுக்கு வந்தது. முன் அறையில், என்னுடைய பழைய சேலை ஒன்றைப் போர்த்தியபடி இருந்தது. உதயகலா அதைக்கொண்டு வீட்டிலிருந்தே வேலையைத் தொடரப்போகிறாள். ஆனால் அதற்குள் ஓடுவது பழைய விண்டோஸ். அதற்கு இனிப் பாதுகாப்பு வராதாம். யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் இவள் கொண்டுபோன பென்டிரைவை வைரஸ் இருக்குமென்று கையால் தொடவே பயந்தார்களாம்.

அவள் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே தும்பும் தூசியுமாகப் பஞ்சு மெத்தைபோல் இருந்தது. விசிறியைச் சுற்றி வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள்.

“திருநீறு.”

“வெள்ளிக்கிழமையிலை பூசுவார்.”

“பூசினது சரி. மூச்சு விடுற துவாரத்திலையோ பூசுறது? நல்லகாலம், கொம்பியூட்டர் அப்பாவுக்கு முதல் சிவலோகம் போகேல்லை.”

சிரித்துவிட்டு இருவரும் நிறுத்திக்கொண்டோம். அவள் தூரிகையால் மெதுவாகத் தட்டினாள். தட்டும்போது ஒரு திருநீற்று வாசம் வந்தது. இவர் அறைக்குள் வந்து நின்றதுபோல் இருந்தது.

“இஞ்சை பாருங்கோ, உள்ளுக்கு இருக்கிற சின்ன பற்றரி செத்துப்போச்சு. அதுதான் கரண்ட் நிண்டால் மணிக்கூடு பின்னுக்குப் போகுது. நிப்பாட்டி எழுப்பினால் பழைய வருசத்திலைதான் எழும்பும். திகதி பிழையெண்டால் புதுசு இறங்காது.”

படுத்து எழும்பும்போதெல்லாம் பழைய வருடத்தில் எழும்புவது எனக்குப் புதிதில்லை.

தகட்டைப் பூட்டி, கணினியை எழுப்பி, திகதியைக் கையால் திருத்தினாள். இந்தப் பெட்டி புதியதைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் ஒரு சிறு செயலியை ஓட்டினாள். ஒன்றே ஒன்று குறை என்றது. எங்கோ உள்ளே அணைந்து கிடந்த பாதுகாப்புச் சில்லு ஒன்றை அவள் போட்டுவிட்டாள். பிறகு தாங்கும் என்றது.

“பாத்தீங்களோ? கிழவருக்கு இன்னும் பலம் இருக்கு. இனி அப்பாவின்ரை கோப்புகளை வேறை ஒண்டிலை கொப்பி பண்ணி வைச்சிட்டு, தேவையில்லாததைத் தூக்கி இடம் எடுத்தால் சரி.”

அங்கேதான் நின்றது. அவளுக்கென்று தகப்பன் கொடுத்திருந்த பெயரால் அவள் உள்ளே போகலாம், தட்டச்சு செய்யலாம். புதியதை ஏற்ற அது விடாது. அதற்குத் தியாகலிங்கத்தின் பெயரும் அவருடைய கடவுச்சொல்லும் வேண்டும். அவருடைய கோப்புகளும் அந்தப் பெயருக்குள்தான் இருந்தன.

“கடையிலை குடுத்துப் பாக்கேலாதோ?”

“கேட்டனான். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு ஏத்தித் தாறானாம். உள்ளுக்கு இருக்கிறதை எடுக்கலாமோ எண்டால் ‘பாப்பம்’ எண்டு சொல்லுறான். அந்தப் ‘பாப்பம்’ எனக்குப் பயம் அம்மா.”

முதலில் பத்மாவதி என்ற என் பெயரை அடித்துப் பார்த்தாள். பிழை என்றது.

“உங்களை வைக்கேல்லை.”

“காலம் முழுக்கச் சமைச்சுப் போட்டதுக்கு மரியாதை.”

அடுத்ததை அவள் எனக்குக் காட்டாமல், விசைப்பலகைமேல் குனிந்து அடித்தாள். பிழை. கொஞ்சநேரம் கையை எடுக்காமல் இருந்தாள்.

“என்ரை பேராய் இருக்கும் எண்டு நினைச்சன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருக்குப் பக்கத்திலை இருந்து அடிச்சது நான்தானே.”

நான் அவள் தலையைத் தடவினேன். அவள் உதறவில்லை. பிறகு தமையனின் பெயரை அடித்தாள். அதுவும் பிழை. ஆனால் இம்முறை பெட்டிக்குக் கீழே ஒரு வரி இருந்ததை நான் கண்டேன்.

mtd; nrhd;dJ

“உதென்ன குப்பை?” என்றேன்.

“பாஸ்வேட் மறந்தால் ஞாபகம் வரச் சொல்லி ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம். அப்பா என்னவோ கண்டபடி…” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். துப்பட்டாவால் திரையைத் துடைத்தாள். துடைத்தும் அந்த எழுத்து மாறவில்லை.

“குப்பையில்லை அம்மா. பாமினி.”

பாமினி பழைய தமிழ் எழுத்துரு. அதில் தமிழ் அடிக்கும்போது கீழே ஓடுவது ஆங்கில விசைதான். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழ் இப்படி ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். புதிய முறைக்கு மாறச்சொல்லி மகள் எத்தனையோ தடவை கேட்டும் இவருடைய விரல் மாறவில்லை. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் எந்த எழுத்துரு இருக்கிறது என்று பார்க்காமல், விரல் போன வழியில் அடித்திருக்கிறார்.

உதயகலா விசைகளில் ஒட்டியிருந்த தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தாள்.

“அ… வ… ன். அவன். அவன் சொன்னது.”

எங்கள் வீட்டில் அவன் என்றால் ஒருவன்தான்.

வெளியே மரக்கறி விற்கும் வான் வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு சந்தி திரும்பியது.

“அப்ப பாஸ்வேட்டும் பாமினியிலைதான் இருக்கும்,” என்றாள். “அண்ணை கடைசியா என்ன சொன்னவர் அம்மா? நான் அண்டைக்கு வெள்ளனவே பள்ளிக்கூடம் போட்டன்.”

“வாறன் எண்டவன்.”

அடித்தாள். பிழை. ‘போட்டு வாறன்’ என்று சேர்த்தும் பிரித்தும் அடித்தாள். பிழை.

“வேறை என்னவும் சொன்னவரோ?”

“உதுதான் பிள்ளை. அப்பாவைக் கேட்டனான்.”

“அப்பாவையோ? நீங்கள் கேக்கேல்லையோ?”

அன்று காலை நான் குசினியில் இருந்தேன். திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இவர் படலையடியில் நின்றார். டிலக்ஷன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன சத்தம் கேட்டது. அவன் ஏதோ சொன்னான். தேங்காய் துருவும் சத்தத்துக்குள் எனக்கு வந்து சேர்ந்தது அந்தச் சொல்லின் வால் மட்டும்தான். ‘…றன்.’

பின்னேரம், அவன் வராமலே இருட்டத் தொடங்கியபோது, இவர் தேடிப்போகச் சேட்டு மாட்டினார். “என்ன சொல்லிப்போட்டுப் போனவன்?” என்று கேட்டேன். பொத்தானைப் பார்த்துக்கொண்டே, “வாறன் எண்டுதான்,” என்றார்.

எங்கள் பக்கத்தில் வெளிக்கிடும் யாரும் போறன் என்று சொல்லமாட்டார்கள். வாய் தவறிச் சொன்னாலும் வீட்டில் உள்ளவர்கள் மறித்து, வாறன் எண்டு சொல்லு, என்று திருத்தித்தான் விடுவார்கள். வாறன் என்றால் அது ஒரு வாக்கு. அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் இருந்தேன். ஒவ்வொரு வருடமும் அந்த நாள் வரும்போது இவரை மறுபடி கேட்பேன். “வாறன் எண்டுதான் பத்மா,” என்பார்.

மத்தியானம் சோமசேகரம் வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சிறிய கதலிக் குலை கட்டியிருந்தது.

“இண்டைக்காவது தேத்தண்ணி கிடைக்குமோ எண்டு ஒரு சின்ன லஞ்சம், அண்ணி.”

தேத்தண்ணி கொடுத்தேன். விறாந்தைக் கதிரையில் அமர்ந்து ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடிந்தபின்தான் பேசினார்.

“திங்கக்கிழமை அழைப்பு அச்சுக்குப் போகவேணும். ஐயரும் கேட்டவர்.”

“நீங்கள் அவனைச் சாகக் குடுக்கப் பாக்கிறியள்.”

“இல்லை அண்ணி.” குரலை உயர்த்தவில்லை. “அண்ணைக்குக் கொள்ளி வைச்சது நான். மகன் இருந்தும் தம்பி வைக்கவேண்டி வந்தது. எனக்கும் சலரோகம், பிரசர். நானும் போனால் அவனுக்கு ஆர் ஒரு சொட்டுத் தண்ணி விடுறது? நாளைக்கு அவன் வந்து படலையிலை நிண்டானெண்டால், என்னடா சித்தப்பா எண்டு எனக்கு ரெண்டு அடி போடட்டும். சந்தோசமா வாங்குவன்.”

ஆனாலும் சொன்னேன்: “அவன் சொன்ன சொல் ஒண்டு இருக்கு, தம்பி.”

“ஓம். அண்ணையும் அதைத்தான் சொல்லுவார்.” கோப்பையைத் தரையில் வைத்தார். “சொல்லேக்கை மட்டும் என்ரை முகத்தைப் பாக்கமாட்டார்.”

அவர் போனபின் உதயகலாவும் வெளிக்கிட்டாள். புதிய பற்றரியும், கோப்புகளைப் பிரதிசெய்ய ஒரு டிஸ்க்கும் சந்தியில் வாங்க வேண்டும்.

“போட்டு வாறன் அம்மா. அதை ஒண்டும் செய்துபோடாதேங்கோ.”

நான் ஒன்றும் செய்வதாக இருக்கவில்லை. அறையைக் கூட்டத்தான் போனேன். தூரிகையால் தட்டிய தூசியும் திருநீறும் தரையில் கிடந்தன. திருநீற்றைக் கூட்டி வெளியில் கொட்ட மனம் வரவில்லை. விளக்குமாற்றை வைத்துவிட்டு, இவர் இருந்து இருந்து பள்ளம் விழுந்த கதிரையில் அமர்ந்தேன்.

திரையில் அவருடைய பெயர். கீழே ஒரு வெறும் பெட்டி.

உதயகலா அவசரத்தில் பிழையாக அடித்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒரு விரலால் தேடித் தேடி அடித்தேன்; ‘வா’வின் காலான அரவு தனி விசை. வ. அரவு. ற. ன. புள்ளி. பிழை என்றது. ‘அவன் சொன்னது’ என்ற குறிப்பு மறுபடி வந்தது.

வால் எனக்குத் தெரியும். நான் என் காதால் கேட்டது. தலையைத்தான் இவர் தந்தவர்.

அப்படி நினைத்தபோதே எழுந்து போயிருக்கலாம். எழும்பவில்லை. வ என்ற எழுத்துக்குப் போன விரல் அதைத் தொடாமல் திரும்பியது. நெடிய கொம்பு. ப. அரவு. பிறகு அதே வால்: ற, ன, புள்ளி.

போறன்.

ஒரு சிறு வளையம் சுற்றிச் சுற்றி ஓடியது. பிறகு, வெல்கம், என்று திரை எழுதிக் காட்டியது. போறன் என்றவனை அது வரவேற்றது.

உள்ளே ஒன்றும் இல்லை. அடுக்கடுக்காகக் கோப்புறைகள், ஊராரின் பெயர்களோடு. மகன் பெயரில் எதுவும் இல்லை. காலையில் கடையைத் திறந்து, மற்றவர்களின் ‘காலஞ்சென்ற’வைத் தொட்டு வாசிக்குமுன், ஒவ்வொரு நாளும் இந்தச் சொல்லை அடித்துத்தான் இவர் உள்ளே போயிருக்கிறார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்து, நான் கேட்டால், வாறன் என்று சொல்லியிருக்கிறார்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேறொன்று வந்தது.

எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை விடைபெறும்போது போறன் என்று சொல்லமாட்டான். நாக்கே வளையாது. போறன் என்பது ஒரு பதில். ஒருவர் ‘போ’ என்று சொன்னால், சரி போறன் என்பான். ‘போகாதை’ என்று மறித்தால், இல்லை போறன் என்பான். படலையடியில் அவனோடு நின்றது இவர் ஒருவர்தான்.

அவன் சொன்னது தெரிந்துவிட்டது. அதற்கு முன் இவர் என்ன சொன்னார்?

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. உதயகலா உள்ளே வந்தவள் திரையைக் கண்டு பையைக் கீழே போட்டாள்.

“திறந்திட்டுதோ! எப்பிடி அம்மா?”

“வாறன்தான்,” என்றேன். “நீ அவசரத்திலை பிழையா அடிச்சிருப்பாய்.”

“நானோ?” என்றாள். “ஒரு விரலாலை அடிக்கிற நீங்கள் சரியா அடிச்சு, நான் பிழையா?” சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். “அப்ப அப்பா ஒவ்வொரு நாளும் அண்ணை வாறார் எண்டுதான் அடிச்சுக்கொண்டிருந்திருக்கிறார். என்ரை பேர் இல்லையெண்டு காலமை நான் மனசுக்குள்ளை கோவிச்சன், அம்மா.”

நான் அவள் முதுகைத் தடவினேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குள் அவள் கைபேசியை எடுத்துவிட்டாள்.

“சித்தப்பா, கலா கதைக்கிறன். அந்தச் சொல் வேண்டாம். ஓம், அழைப்பிலை. கீரிமலையிலையும் அண்ணைக்கு ஒண்டும் வேண்டாம்… அப்பா பாஸ்வேட்டாவே வாறன் எண்டு வைச்சிருக்கிறார், சித்தப்பா. இனி அதுக்கு மேலை என்ன இருக்கு?”

அந்தப் பக்கத்தில் சோமசேகரம் ஏதோ சொன்னார். “சரியெண்டிட்டார்,” என்று உதயகலா கைபேசியை வைத்தாள். அழுத முகத்தோடு சிரித்தாள். நான் ஒரு கிழமையாக வேண்டியிருந்தது கையில் வந்து விழுந்தது. அதைப் பிடிக்க எனக்குக் கை வரவில்லை.

பின்னேரம்வரை வேலை செய்தாள். பற்றரியை மாற்றினாள். ஊராரின் பெயர்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய டிஸ்க்குக்குப் போயின. பாதியில் கதலிப்பழம் உரித்துத் தின்றாள். பாமினியையும் மறக்காமல் எடுத்துவைத்தாள்.

“நாளைக்குக் காலமை வந்து புதுசைத் தொடக்குவன். அது இடையிலை தானாய் நிண்டு நிண்டு எழும்பும். எழும்பி முடிய முதல்வேலையா பாஸ்வேட்தான் கேக்கும். பயப்பிடாதேங்கோ, நானே அடிப்பன். வாறன்தானே?”

“ஓம்,” என்றேன்.

“போட்டு வாறன் அம்மா.”

“ஓம். வா.”

படலையடிவரை போகாமல் அறைக்குத் திரும்பினேன். கொஞ்சநேரம் தொடாமல் விட்டதால் கணினி தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருந்தது. அவருடைய பெயர். வெறும் பெட்டி.

நாளை காலை அவள் இந்தக் கதிரையில் இருந்து வாறன் என்று அடிப்பாள். கூடாது என்று தெரிந்துகொண்டே அமர்ந்தேன். இன்றொருமுறை அது எனக்காக விட்டுக்கொடுக்காதா என்று, ஒரு விரலால் அடித்தேன். வ. அரவு. ற. ன. புள்ளி.

பிழை.

கீழே இவருடைய வரி வந்தது, ‘அவன் சொன்னது’ என்று.

கதிரைக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். திரும்பினேன். மறந்துவிட்டுப் போன ஹெல்மற்றை எடுக்க வந்த உதயகலா, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன அம்மா அடிச்சனீங்கள்?”